நான்காம் ரீலின் வானம்

பழைய படங்களைத் துடைத்து, வீட்டில் பார்க்கும் டிஸ்க்காக வெளியிடுகிற அந்த நிறுவனத்தில் அழுக்கு எடுப்பதற்கென்று இருந்தவர் ஒருவரே. மாமனார் வீட்டோடு இருந்ததால் தெருவிலும் அவருக்கு மாப்பிள்ளை என்றே பெயர். படத்தை ஒவ்வொரு சட்டமாக, அதாவது ஃபிரேம் ஃபிரேமாக, திரையில் பெரிதாக்கி, தூசி, முடி, கீறல் என்று தேடித் தேடி அழிப்பது வேலை. ஒலியை அணைத்துவிட்டுத்தான் உட்காருவார். கதையில் மனம் போனால் கை நின்றுவிடும் என்பது அவர் கட்சி.

‘பவளத் தீவின் பதினோராம் விரல்’ ஐம்பது வருடத்துக்கு முந்தைய உளவாளிப் படம். முதலைக் குளம், ஒற்றைக் கண் வில்லன், தென்னை மரத்துக்குள் வானொலி என்று ஒன்றும் குறைவில்லை. நான்காம் ரீலில் எட்டு விநாடிக்கு வெறும் வானம். வெளுத்துப்போன அந்த வானத்தில் ஒரு கரும்புள்ளி மெல்ல இறங்கியது. அதற்குக் கீழே ஒரு பொடிப்புள்ளி விறுவிறுவென்று இறங்கியது. தூசி என்றால் ஒரு சட்டத்தில் வந்து அடுத்ததில் போய்விடும். இவை போகவில்லை. மாப்பிள்ளை மூன்று நாள் மல்லுக்கட்டி, நூற்றுத் தொண்ணூற்றிரண்டு சட்டங்களிலும் கையாலேயே அழித்தார். பதிவேட்டில் எழுதினார்: ‘ரீல் 4, வானம். பிடிவாதமான அழுக்கு, இரண்டு. நீக்கப்பட்டது.’

முதலாளி பூரித்துப்போனார். துடைப்பதற்கு முன், துடைத்த பின் என்று திரையை இரண்டாகப் பிரித்து அந்த வானத்தையே டிஸ்க்கில் இணைப்பாகச் சேர்த்தார். இடப்பக்கம் புள்ளிகளைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே பதிவேட்டு வாசகம், ஓர் எழுத்து மாறாமல்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை டிஸ்க்கை வீட்டுக்குக் கொண்டுவந்தார். மாமனார் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பார்த்தவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“இந்த ஒத்தக்கண்ணன்! மாப்பிள்ளை, இதுதான் என் படம்!”

மாமனார் ஒரு படத்தில் குதித்த கதை வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். வாலிபத்தில் பாராசூட் பழகியவர். எதிரி உளவாளியாக ஒருநாள் வானத்திலிருந்து குதித்தார். நடுவழியில் ஒரு பூட்ஸ் கழன்று விழுந்துவிட்டது. ஒற்றைக் கால் பூட்ஸோடு வீடு திரும்பினார். ஆனால் அவர் சொல்லி வந்த பெயர், படப்பிடிப்பில் வைத்திருந்த ‘நாளை மாலைக்குள் கொல்’. அந்தப் பெயரில் படமே வரவில்லை. அதனால் மாமியாரின் தம்பி, நிலமளக்கும் சர்வேயராக இருந்து ஓய்வுபெற்றவர், நாற்பது வருடமாக ஒரே கேள்வி கேட்டு வந்தார்: “குதிச்சீங்க சரி அத்தான், எங்க விழுந்தீங்க?”

“ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவன வரச் சொல்லு” என்றார் மாமனார் மனைவியிடம். “இனிமே வாயத் திறக்க மாட்டான்.”

மாப்பிள்ளை பாதிச் சோற்றில் எழுந்தார். அறைக்குள் போய் மனைவியிடம் சொன்னார்.

“எங்கப்பாவையா அழிச்சீங்க?”

“வெள்ளைப் பாராசூட்டு. வானமும் வெள்ளை. ஆள் மட்டும் புள்ளியாத் தெரிஞ்சாரு.”

“எத்தனை நாள் அழிச்சீங்க?”

“மூணு.”

“மூணு நாளும் தெரியலையா?”

“பெரிசாக்கினப்போ கால் மாதிரி ஒண்ணு இருந்துச்சு. முடின்னு நெனச்சேன்.”

சனிக்கிழமை முதலாளியிடம் ஓடினார். டிஸ்க்குகள் கடைகளுக்குப் போயாகிவிட்டன. “அடுத்த காட்சியில கதாநாயகன் வானத்தப் பாத்துச் சுடுறானே, அப்பவாவது உங்களுக்குச் சந்தேகம் வரலையா சார்?” என்று கேட்டார் மாப்பிள்ளை.

“ஏதோ மனக்கஷ்டம்னு நெனச்சேன்” என்றார் முதலாளி.

ஞாயிற்றுக்கிழமை சர்வேயர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். மாமனார் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். நான்காம் ரீல் வந்தது. வானம் வந்தது. எட்டு விநாடியும் பளிங்காக இருந்தது. கதாநாயகன் அண்ணாந்து பார்த்து, “அதோ, வந்துவிட்டான்!” என்று ஆறு முறை சுட்டான்.



“வானம் நல்லா இருக்கு அத்தான்” என்றார் சர்வேயர்.

மாமனார் இடத்தைவிட்டு அசையவில்லை. சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார், திரும்பப் போட்டார். “வெட்டிட்டாங்க போல” என்றார், யாரையும் பார்க்காமல். அந்தக் குரலை மாப்பிள்ளை அதுவரை கேட்டதில்லை.

ரிமோட்டைக் கையில் எடுத்தார்.

“வெட்டல மாமா. நான்தான் அழிச்சேன். தூசின்னு நெனச்சு.”

இணைப்பைப் போட்டார். திரை இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கம் பெரிய சிவப்பு வட்டம் ஒன்று மெல்ல இறங்கியது; சின்ன வட்டம் ஒன்று அதை முந்திக்கொண்டு இறங்கியது.

மாமனார் எழுந்து தொலைக்காட்சிக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்றார். சின்ன வட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

“என் பூட்ஸ்.”

சர்வேயரும் எழுந்து வந்தார். தொழில்காரர் அல்லவா, இரண்டு வட்டத்துக்கும் நடுவே விரலை வைத்து அளந்தார். மறுபடி போடச் சொல்லி மறுபடியும் அளந்தார். “பூட்ஸ் முன்னாடி விழுது. ஆள் பின்னாடி வர்றார்” என்றார். கொஞ்சம் தயங்கி, “சரியாத்தான் இருக்கு அத்தான்” என்றார்.

“வட்டம் போட்டிருக்கான் பாத்தியா? கதாநாயகனுக்கே வட்டம் கிடையாது” என்றார் மாமனார். அப்போதுதான் கீழே இருந்த எழுத்து கண்ணில் பட்டது. கண்ணைச் சுருக்கி வாசித்தார்: “பிடிவாதமான அழுக்கு.”

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார்.

“பேர் சரியாத்தான் போட்டிருக்காங்க” என்றார் மாமியார், உள்ளே இருந்தபடியே.

இணைப்பை அன்று பதினான்கு முறை போட்டார்கள். படத்தின் மிச்சத்தை யாரும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை மாப்பிள்ளை அலுவலகத்தில் பதிவேட்டைத் திறந்து, பழைய வரியை அளவுகோல் வைத்து அடித்தார். அதன் கீழே எழுதினார்: ‘ரீல் 4, வானம். மாமனார், ஒருவர். பூட்ஸ், ஒன்று. அடுத்த பதிப்பில் திரும்ப வைக்கவும்.’