நாலாவது கார்பன்

சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க எங்கள் லேபில் ஒரு காலத்தில் இரண்டு வழிகள் இருந்தன. அதில் ஒன்றை நான்தான் ஒழித்துக்கட்டினேன், தலைமை டெக்னீசியன் நாற்காலியில் உட்கார்ந்த முதல் மாதமே.

ஒழித்தது பழைய வழியை. டெஸ்ட் ட்யூபில் நீல நிறக் கரைசலை ஊற்றி, எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு, பர்னரில் காட்டிக் கொதிக்கவிட வேண்டும். சர்க்கரை இருந்தால் நீலம் பச்சையாகும், பிறகு மஞ்சளாகும், நிறைய இருந்தால் செங்கல் நிறத்தில் வந்து நிற்கும். ட்யூபைச் சாய்த்துப் பிடிக்கத் தெரியாதவன் பிடித்தால் பொங்கி மூஞ்சியில் அடிக்கும். நாற்றமோ குடலைப் புரட்டும். புது வழியில் ஒரு காகிதப் பட்டையை நனைத்து எடுத்தால் போதும், அரை நிமிஷத்தில் விஷயம் தெரிந்துவிடும். "இது லேபா, அடுப்படியா?" என்று கேட்டு பர்னரை மேல் அலமாரிக்கு ஏற்றினேன். எல்லோருக்கும் சந்தோஷம்.

இரண்டும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். பட்டைக்கு குளுக்கோஸ் ஒன்றைத்தான் அடையாளம் தெரியும். நீலக் கரைசலுக்கு அந்தப் பாகுபாடு கிடையாது, பழச் சர்க்கரை, பால் சர்க்கரை என்று எது வந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் குழந்தைகள் வார்டிலிருந்து எப்போதாவது பழைய டெஸ்டைக் கேட்டுச் சீட்டு வரும். என் லேபில் சோடாபுட்டி என்று ஒருவர். கண்ணாடியின் தடிமனுக்காக வைத்த பெயர், என் வயதுக்காரர். அவரிடம் சொன்னேன்: "பட்டையை நனைச்சுப் பார்த்துட்டு, பழைய டெஸ்டுக்கான கட்டத்துலயே இல்லைன்னு எழுதிடுங்க. என்னிக்காவது இருக்குன்னு வந்திருக்கா?"

"எழுதறது நான். கையெழுத்து நீங்க மேடம்" என்றார் அவர். நான் சிரித்தேன். ஒன்பது வருஷம் அப்படியே ஓடியது. யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

அந்த ஒன்பதாம் வருஷம்தான், கல்யாணமாகி எத்தனையோ காலம் கழித்து, என் தங்கை பிள்ளை பெற்றாள். எங்கள் ஆஸ்பத்திரியிலேயே, லேபுக்கு இரண்டு மாடி மேலே. வீட்டில் அவளை சின்னு என்போம். அம்மா போன பிறகு அவளுக்கு எல்லாம் நான்தான் என்று நானே முடிவு செய்துகொண்டிருந்தேன், அவளைக் கேட்காமல்.

நாலாம் நாள் காலை அவள் என் கையைப் பிடித்தாள். "அக்கா, பால் குடிச்சதும் வாந்தி எடுக்கறான். குடிக்காத நேரம் பரவாயில்லாம இருக்கான். பால்தான் ஒத்துக்கலையோ?"

"பெத்து நாலு நாள் ஆகலை, அதுக்குள்ள டாக்டராயிட்டியா?" என்றேன். "தாய்ப்பால் ஒத்துக்காத பிள்ளையை நான் பார்த்ததே இல்லை. கக்கினா மறுபடி குடு."

அவளுடைய மாமியாருக்கும் எனக்கும் எதிலும் ஒத்துப்போகாது. இதில் மட்டும் ஒத்துப்போனோம். அந்தம்மா ஒரு தடவை, நான் ஒரு தடவை என்று மாற்றி மாற்றிப் பிள்ளையைத் தூக்கி அவள் மார்பில் வைத்தோம். சின்னு முகத்தைத் திருப்பிக்கொண்டு கொடுத்தாள்.

ஐந்தாம் நாள் பயலின் உடம்பு மஞ்சள் பூத்து, துணிப்பொம்மை மாதிரி துவண்டுவிட்டது. குழந்தைகள் வார்டுக்கு மாற்றினார்கள். குழந்தை டாக்டர் வார்த்தைகளை எண்ணிப் பேசுகிற மனுஷர். வயிற்றை அழுத்திப் பார்த்தார், ஈரல் வீங்கியிருக்கிறது என்றார், ஆறேழு டெஸ்ட் எழுதினார். சீட்டுகள் வழக்கமான வழியில் கீழே போயின. மத்தியானம் ரிப்போர்ட் கட்டு என் மேஜைக்கு வந்தது. காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, சொந்தக்காரர்களுக்கு "ஒண்ணுமில்லை, நான் இருக்கேன்ல" என்று சொல்லியபடியே ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டுத் தள்ளினேன். அதில் பயலுடையதும் இருந்திருக்கிறது. நான் படிக்கவில்லை.

பாலை நிறுத்தி, குளுக்கோஸும் மருந்தும் ஏற்றினார்கள். மறுநாள் கண் திறந்தான். அதற்கடுத்த நாள் வார்டே கேட்க அழுதான். கிருமிதான் காரணம், மருந்து வேலை செய்கிறது என்று எல்லோரும் சொன்னோம். எட்டாம் நாள், இனிமேல் பால் கொடுக்கலாம் என்றார் டாக்டர்.

சின்னு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். "பால் நிறுத்தினப்பதான் தேறினான் அக்கா."

"மருந்துல தேறினான். உன் ஆராய்ச்சியை மூட்டை கட்டிட்டு முதல்ல பசியாத்து."

அவள் சட்டைப் பொத்தானைக் கழற்றினாள்.

பத்தாம் நாள் வயிறு உப்பியது. மஞ்சள் முன்பைவிடக் கூடியது. ரத்தம் எடுக்கக் குதிகாலில் குத்திய இடத்தில் கசிவு நிற்கவே இல்லை, நர்ஸ் பஞ்சு மாற்றிக்கொண்டே இருந்தாள். பதினோராம் நாள் காலை டாக்டர் டார்ச்சை அவன் கண்ணில் அடித்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"பாருங்க மேடம். எண்ணெய்ச் சொட்டு மிதக்கற மாதிரி தெரியுதா?"

தெரிந்தது. இரண்டு கண்ணிலும்.

"எனக்கு முதல் நாளே சந்தேகம். பால்ல இருக்கற கேலக்டோஸ் இவனுக்குச் செரிக்கலையோன்னு. அதுக்குத்தான் அந்தப் பழைய டெஸ்டைக் கேட்டேன். இல்லைன்னு வந்துச்சு. உங்க கையெழுத்து இருந்தது, அந்த யோசனையை விட்டுட்டேன்."

காலையில் பையில் பிடித்து வைத்திருந்த சிறுநீரை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். லிஃப்டுக்குக் காத்திருக்கக் கால் நிற்கவில்லை.

பையைப் பார்த்ததுமே சோடாபுட்டிக்குப் புரிந்துவிட்டது. ஸ்டூலைப் போட்டு ஏறி பர்னரை இறக்கித் தூசி தட்டினார். பழைய பாட்டிலை நம்ப முடியாது என்று முதலில் வெறும் கரைசலைக் கொதிக்கவைத்தோம். நீலமாகவே இருந்தது, கரைசல் கெடவில்லை. பட்டையை நனைத்தேன். குளுக்கோஸ் இல்லை. பிறகு எட்டுச் சொட்டு விட்டுத் தீயில் காட்டினேன். பச்சை வந்ததா, மஞ்சள் வந்ததா என்று பார்ப்பதற்குள் செங்கல் நிறமாகி, அடியில் வண்டலாகத் தங்கியது. சோடாபுட்டி ட்யூபை வாங்கித் தாங்கியில் வைத்தார்.

"அன்னிக்கும் பட்டைதானே போட்டீங்க?"

"பட்டைதான் மேடம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சீட்டுல உங்க தங்கச்சி பேரைப் பார்த்ததும் உங்களைக் கேக்கலாமான்னு நினைச்சேன். நீங்க போன்ல இருந்தீங்க."

பரீட்சைக்கு உருப்போட்டது எல்லாம் அப்போது வரிசையாக வந்து நின்றது. குளுக்கோஸிலும் கேலக்டோஸிலும் ஒரே சரக்குதான்: ஆறு கார்பன், பன்னிரண்டு ஹைட்ரஜன், ஆறு ஆக்சிஜன். எடையும் ஒன்றே. நாலாவது கார்பனில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னக் கை கீழே பார்த்தால் குளுக்கோஸ், மேலே பார்த்தால் கேலக்டோஸ். வித்தியாசம் அவ்வளவுதான். பால் சர்க்கரை என்பது இந்த இரண்டும் ஜோடி சேர்ந்தது. குடித்ததும் உடம்பு அதைப் பிரித்து, மேலே பார்க்கும் கையைக் கீழே திருப்பி, கேலக்டோஸையும் குளுக்கோஸாக்கி எரித்துக்கொள்ளும். அந்த வேலைக்கு வேண்டிய நொதிகளில் ஒன்று பயலுக்குப் பிறவியிலேயே இல்லை. அதனால் பாதி மாறி, மீதி மாறாமல், ஈரலிலும் மூளையிலும் தேங்கிக்கொண்டே போகும். கண் வில்லைக்குள் அது வேறொன்றாகத் திரிந்து, தண்ணீரை இழுத்து இழுத்து வில்லையை மங்கடிக்கும்.

இத்தனைக்கும் அது கெட்ட சர்க்கரை இல்லை. நரம்புக்கு மேலுறை போட அதுதான் வேண்டும். ரத்தச் செல்லின் மேல் நுனியில் அது தொங்கினால்தான் 'பி' வகை. தினமும் அறுபது பேருக்கு ரத்த வகை பார்த்து எழுதுகிற எனக்கு அதைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. வெளியிலிருந்து ஒரு துளி போகாவிட்டாலும் தனக்கு வேண்டியதை உடம்பே குளுக்கோஸிலிருந்து செய்துகொள்ளும். பாலை நிறுத்தியிருந்தால் போதும். பெற்றவள் நாலாம் நாளே அதைச் சொன்னாள். படித்த கழுதை நான் வாயை மூடச் சொன்னேன்.

ட்யூபை அப்படியே எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டினேன். பாலை நிறுத்தி, இனி சோயா மாவுதான் என்று எழுதினார். பிறகு, அன்று என்ன நடந்தது என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவர் திட்டவில்லை. பேனாவை மூடிவிட்டு, "ஒன்பது வருஷமா வந்த மத்த சீட்டெல்லாம்?" என்று கேட்டார். பழைய நோட்டுகளைப் பார்த்து எல்லாவற்றையும் எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பயல் பிழைத்துக்கொண்டான். ஒரு வாரத்தில் மஞ்சள் இறங்கியது, வாந்தி நின்றது. கண் பழையபடி தெளியலாம், தெளியாமலும் போகலாம், தெளியாவிட்டால் ஆபரேஷன் என்றார்கள். மூளையைப் பற்றிக் கேட்டதற்கு, வளரட்டும் பார்ப்போம் என்றார்கள். எந்த லேபிலும் அதற்கு டெஸ்ட் இல்லை.

சின்னுவைத் தேடிப்போனது அந்த வாரக் கடைசியில், ஒரு மத்தியானம். அத்தனை நாளும் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். வராந்தாவில் அவள் மாமியார் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். "பெத்தவ பாலே பிள்ளைக்கு விஷமாயிடுச்சாம். எங்க வம்சத்துல இப்படி யாருக்கும் கிடையாது." அந்தக் குறையில் பாதி அந்தம்மாவின் பிள்ளை கொடுத்தது. இரண்டு பக்கமும் சேர்ந்தால்தான் இந்த நோயே வரும்.

சின்னு உள்ளே கட்டிலில் உட்கார்ந்து ஒரு கிண்ணத்தில் பாலைப் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். மார்பு கல்லாகக் கட்டியிருந்தது. மாத்திரை கொடுத்திருந்தும் இன்னும் வற்றவில்லை.

"சின்னு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

பர்னரை ஏற்றியதிலிருந்து தொடங்கி எல்லாம் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

"அஞ்சாம் நாளே தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்கும்."

"அப்ப எட்டாம் நாள் நான் குடுத்திருக்க மாட்டேன்."

"மாட்டே."

"கண்ணு?"

"தப்பிச்சிருக்கலாம். நிச்சயமாத் தெரியலை."

கிண்ணத்தை அடுத்த பக்கத்துக்கு மாற்றினாள். வலியில் உதட்டைக் கடித்தாள். என்னால் தாங்க முடியவில்லை. "உன் மாமியார்கிட்ட இப்பவே சொல்றேன். எல்லார் முன்னாடியும் சொல்றேன். உன்மேல தப்பில்லை, என்மேலதான்னு" என்று எழுந்தேன்.

"வேண்டாம்."

"ஏன்? அந்தம்மா பேசறதைக் கேட்டியா?"

"பேசட்டும். உட்காரு." அவள் குரல் உயரவில்லை. "நீ போய்ச் சொன்னா எல்லாரும் சேர்ந்து உன்னைக் கிழிப்பாங்க. நீ நின்னு அழுவே. எனக்கு உன்னைப் பார்த்தா பாவமாயிடும். சின்ன வயசிலேர்ந்து நீ அழுதா எனக்குத் தாங்காது, உனக்கே தெரியும். அப்புறம் போனாப் போகுதுன்னு உன்னை விட்டுடுவேன். எனக்கு உன்னை அப்படி விட்டுட இஷ்டமில்லை அக்கா."

நான் அழக்கூட இல்லை. அவள் மீதியையும் பீய்ச்சி முடித்து, துணியால் துடைத்துக்கொண்டு, கிண்ணத்தை என் பக்கம் நீட்டினாள்.

"இதைக் கொட்டிட்டு வா."

வாங்கிக்கொண்டு போனேன். வாஷ்பேசினில் ஊற்றி, வெள்ளை மறையும்வரை குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.