நட்டநடுத் திரையில் ஒரு பூட்டுப் படம்

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு கறுப்புப் பெட்டியால் வந்தது. என் லேப்டாப்பில் இடது சுண்டுவிரல் தவறி கேப்ஸ் லாக்கில் பட்டால் போதும், திரையின் நட்டநடுவே பூட்டுப் படத்தோடு ஒரு பெட்டி எழுந்து, இனி பெரிய எழுத்துதான் என்று முழங்கும். நான் அடிப்பது தமிழ். அதில் பெரிய எழுத்தும் கிடையாது, சின்ன எழுத்தும் கிடையாது. சாவியில் கடுகளவு விளக்கு வைக்க மனமில்லாத கம்பெனி, விளக்கின் வேலையைத் திரையில் தண்டோரா போட்டுச் செய்கிறது.

தொடக்கம் ஒன்று: "அன்று காலையிலிருந்தே மழை..." வேண்டாம். மழைக் கதைகளுக்குக் குடை பிடித்து அலுத்துவிட்டது.

தொடக்கம் இரண்டு: "என் அக்காவுக்குக் காது..." இதுவும் வேண்டாம். அக்கா படிப்பாள்.

2

சரி, படிக்கட்டும். அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பக்கத்து இருக்கையில், காலடியில் தனி பிரேக்கோடு உட்கார்ந்து, பழகுகிறவர்களின் கை எங்கே போகிறது, கால் எங்கே போகிறது என்று பார்த்தே பிழைத்தவள். போன வருடம் ஒரு காய்ச்சலில் இரண்டு காதும் கேட்காமல் போயிற்று. அது திரும்பாவிட்டால் அந்த இருக்கையும் இல்லை. டாக்டர் பேசப் பேச நான் அடிப்பேன், அவள் படிப்பாள். முக்கியமான வரி வரும்போதெல்லாம் பெட்டி வந்து மறைக்கும்.

"டாக்டர் வாய் அசையுது, இங்க பூட்டுப் படம் காட்டுது. நான் என்னடா புரிஞ்சுக்கிறது?"

'லேப்டாப் சனியன், நான் என்ன பண்ண?' என்று அடித்துக் காட்டுவேன்.

[இந்த இடத்தில் நீங்கள் என்மேல் பரிதாபப்பட வேண்டும் என்று திட்டமிட்டிருந்தேன். பட்டிருந்தால் நன்றி. திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டி வரும்.]

3

அடுத்து லேப்டாப் மெக்கானிக். இந்தப் பாத்திரத்தின்மேல் எனக்கு நம்பிக்கையில்லை. கூப்பிடாமலே வீட்டுக்கு வருகிறார். கம்பெனிக்காரன் போட்டுவைத்த கீபோர்டு மென்பொருளுக்குள் போய், 'திரையில் காட்டு' என்ற இடத்தில் டிக்கை எடுக்கிறார். லேப்டாப்பை அணைத்துப் போட்டு, கேப்ஸ் லாக்கைத் தட்டிப் பார்க்கிறார். பெட்டி வரவில்லை. இப்படியொரு மெக்கானிக் எந்த ஊரில் இருக்கிறார்?

"நான் கூப்பிடலையே," என்றேன்.

"அக்கா மெசேஜ் பண்ணாங்க சார். தம்பிக்கு ரொம்பத் தொல்லையா இருக்காம்."

அக்கா சோபாவில் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

அடிக்குறிப்பு: முதல் பகுதியில் 'தவறி' என்று எழுதியிருக்கிறேன். முதல் தடவை மட்டும்தான் தவறியது. காதில் விழுந்ததை விரல் அடித்துவிடும், அப்புறம்தான் மனசு பதறும். பெட்டி மூன்று விநாடி நிற்கும். அதற்குள் பெட்டிக்கு அடியில் மறைந்திருக்கும் 'வாய்ப்பு குறைவு' என்பதை அழித்துவிட்டு 'பொறுத்துப் பார்ப்போம்' என்று போட்டுவிடலாம். ஐந்து மாதம் இப்படித்தான் அவளுக்கு நம்பிக்கை ஊட்டினேன். என்னை நானே மெச்சிக்கொண்டதும் உண்டு.

4

நேற்று டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இனிமே காது கேட்கும் திறன் திரும்பாது. அவங்களுக்குத் தெளிவா அடிச்சுக் காட்டுங்க."

பாதி அடித்திருப்பேன். சுண்டுவிரல் தானாக ஓரத்துக்குப் போனது. தட்டினேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி தட்டினேன். அக்கா திரையைப் பார்க்கவில்லை, என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிரேக்குலேருந்து கால எடு," என்றாள், புதிதாக ஓட்ட வந்தவர்களிடம் சொல்லும் அதே குரலில். "நான் பக்கத்துலதான் இருக்கேன்."

முடிவு அ: நான் அடிக்கிறேன், அவள் படிக்கிறாள், எனக்கு அழுகை வருகிறது. வேண்டாம். மறுபடியும் என்னைப் பற்றிய கதையாகிவிடும்.

முடிவு ஆ: டாக்டரே தாளில் எழுதிக் காட்டிவிடுகிறார். (என்னைப் போன்ற கோழைகளுக்கு எழுத்தாளர்கள் திறந்துவைக்கும் பின்வாசல்.)

இன்னும் ஒரே ஒரு சொல்தான் பாக்கி. எனக்குத் தெரியும், இப்போது உங்களுக்கும் தெரியும். லேப்டாப்பை உங்கள் பக்கம் திருப்பிவிட்டேன். பெட்டி வராது, இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டேன். அக்கா இப்போது உங்கள் விரலைப் பார்க்கிறாள்.

இனிமேல் காது கேட்கும் திறன்