இந்த வாரம் கண்டுபிடித்த ஓட்டை

ரமணி கிள்ளானிலிருந்து இரண்டு பஸ் மாறிப் பிரிக்பீல்ட்ஸ் பத்திரிகை அலுவலகத்துக்கு வந்தபோது, கம்ப்யூட்டர் பக்கம் எழுதும் பக்கிரிசாமி தோசையை முடித்துக் கை துடைத்துக்கொண்டிருந்தார். வெட்டிவந்த செய்தியை அவர் மேசையில் வைத்தாள்.

“இது நீங்க எழுதுனதுதானே அங்கிள்?”

“ஆமாம்மா. நல்லா இருந்துச்சா?”

“இதுனால என் வேலை போகப்போகுது.”

அவள் கப்பல் சரக்குக் கம்பெனியில் பட்டியல் எழுதும் கிராணி. அக்டோபர் இருபத்தொன்றில் யாரோ போன் லைன் வழியாகக் கம்பெனிக் கம்ப்யூட்டருக்குள் புகுந்து சரக்குப் பட்டியலை அழித்துவிட்டார்கள். பாஸ்வர்ட் அவளிடம் மட்டும்தான் இருந்தது. பழியும் அவள் மேல். நவம்பர் கடைசியில் இந்தச் செய்தி வந்தது: அவள் கம்பெனிக் கம்ப்யூட்டரில் ஓடும் அதே புரோகிராமில் பாஸ்வர்ட் இல்லாமலே யாரும் நுழையலாம். மேனேஜரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் முதல் வரியில் விரலை வைத்தார். ‘இந்த வாரம் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டை.’

“இந்த வாரந்தானே கண்டுபிடிச்சாங்க, போன மாசம் எவனுக்குத் தெரியும்னு கேக்குறாரு. நாளைக்கு விசாரணை. உண்மையில எப்பக் கண்டுபிடிச்சாங்க?”

பக்கிரிசாமி மெதுவாக இழுப்பறையைத் திறந்தார். அந்த ஓட்டையைப் பற்றி வெளிநாட்டிலிருந்து வந்த பேக்ஸை எடுத்து மேசையில் வைத்தார். தலையில் தேதி: அக்டோபர் நான்கு.

“தீபாவளி லா. என் பக்கம் முழுக்க வாழ்த்து விளம்பரம். ஒன்றரை மாசமா இடமே குடுக்கல.”

“சரி. இந்த வாரம்னு ஏன் போட்டீங்க?”

“பழசுன்னு தெரிஞ்சா யாரு படிப்பா?”

“எங்கப்பா போர்ட்டுல மூட்டை தூக்குறாரு. மீன் பெட்டிய ஒரு நாள் வெயில்ல போட்டுட்டு, இப்பப் புடிச்சதுன்னு சொன்னா அவர செருப்பால அடிப்பாங்க. உங்களுக்குப் பேர் போட்டு, மேல போட்டோவும் போடுறாங்க.”

“அடுத்த வாரம் சின்னதா ஒரு திருத்தம் போட்டுர்றேன்.”

“விசாரணை நாளைக்கு.” பேனாவை அவர் பக்கம் தள்ளினாள். “அக்டோபர் நாலுலயே வந்துருச்சு, நான்தான் வச்சிருந்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க.”

“என் பேரு கெட்டுரும்மா.”

“என் பேரு கெட்டு ஒரு மாசமாச்சு.”

அவர் பேனாவைத் தொடவில்லை. ரமணி பேக்ஸை எடுத்து மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

“ஏய், அது ஆபீஸ் பேப்பர்.”

“கத்துங்க. எல்லாரும் வந்து எந்தப் பேப்பர்னு கேக்கட்டும்.”

எழுந்த பக்கிரிசாமி சுற்றிலும் பார்த்தார். எட்டுப் பேர் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். அப்படியே உட்கார்ந்தார்.