நாலு கூடாரம் கொள்ளும் வாசல்

வீடு பார்க்கப் போறவங்க கூரை ஒழுகுதா, பலகையில கரையான் இருக்கான்னு பார்ப்பாங்க. நான் வாசலைத்தான் பார்ப்பேன். விசேஷத்துக்கு வாடகைக்கு எடுக்கிற கூடாரம் இருக்கே, இருபதுக்கு இருபது அடி, நாலு இரும்புக் கால், அது எத்தனை கொள்ளும்? ஒண்ணுகூடக் கொள்ளலைன்னா உள்ளே காலையே வைக்க மாட்டேன். ரெண்டு வருஷமா வீட்டு ஏஜெண்டுங்க என் நம்பரைப் பார்த்தாலே போனை எடுத்ததில்லை.

காரணம் இருக்கு. நாங்க அப்போ இருந்தது ராவாங்ல, வரிசையா ஒட்டிக் கட்டின ஒரு லிங்க் வீடு. கேட்டைத் திறந்தா ரோடு. மூணு வருஷத்துக்கு முந்தி என் மாமியார் அன்னம்மா தவறினப்போ கூடாரத்தை ரோட்டுலதான் போட்டோம். குளிப்பாட்ட நீர்மாலை எடுத்துட்டு வர்ற நேரம் எதிர்வீட்டுக்காரர் ஹாரன் அடிச்சார். அவருக்கு வேலைக்கு நேரமாச்சு, அவரைச் சொல்லிக் குத்தமில்லை. ஆறு பேர் சேர்ந்து கூடாரத்தைத் தூக்கி நகர்த்தினாங்க. பெஞ்சில படுத்திருந்த மாமியார் முகத்துல பட்டுனு வெயில் விழுந்துச்சு. உயிரோட இருந்தவரைக்கும் எனக்கும் அவங்களுக்கும் ஏழாம் பொருத்தம்தான். ஆனா அந்த வெயிலைப் பார்த்து நான் அழுத மாதிரி பெத்த தாய்க்குக்கூட அழுததில்லை. இனி நம்ம வீட்டு நல்லது கெட்டது எதுவும் ரோட்டுல நடக்கக் கூடாதுன்னு என் வீட்டுக்காரர் திருச்செல்வத்துக்கிட்ட அன்னைக்கே சொல்லிட்டேன்.

அப்படித் தேடித்தான் கோல சிலாங்கூர் டவுன்ல சின்னையாவோட பங்களா கிடைச்சுது. கீழே கல்லு, மேலே பலகை, அறுபது வருஷத்து வீடு. சுத்தி அரை ஏக்கர். சின்னையா புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில டிரெசரா இருந்து மருந்து கொடுத்தவர். எழுபத்தாறு வயசு, கல்யாணம் பண்ணிக்கலை. போன வருஷம் குளியலறையில வழுக்கி விழுந்து அரைநாள் அப்படியே கிடந்தாராம். இனி தனியா இருக்க வேணாம்னு அண்ணன் மகன் தன்னோட ஃபிளாட்டுக்குக் கூப்பிட்டுட்டான். அதனாலதான் விற்கிறார்.

“நாலு பேரை விரட்டிட்டாரு கா,” ஏஜெண்ட் உஷாராணி முன்கூட்டியே எச்சரிச்சா. “எல்லாரும் வீட்டை இடிச்சுட்டு வரிசையா கடை கட்ட வந்தவங்க. இடிக்கிற பேச்சை மட்டும் எடுக்காதீங்க.”

நாங்க எடுக்கலை. ஆனா என் வீட்டுக்காரர் இருக்காரே, மாடியில எல்லாரும் காப்பி குடிச்சுட்டு இருக்கும்போது சத்தமில்லாம கீழே இறங்கினார். டேப்பை இழுத்து வாசலை அளந்து, மூலைக்கு மூலை குச்சி நட்டு, சிவப்புக் கயிறும் கட்டிட்டார். ஜன்னல் வழியா அதைப் பார்த்த சின்னையாவுக்கு முகம் கறுத்துப்போச்சு.

“நீங்களும் கடைதானா?”

“ஐயா, அது வந்து…”

“காப்பியைக் குடிங்க. குடிச்சுட்டுக் கிளம்புங்க. வீடு விற்கிறதா இல்லை.”

நுணலும் தன் வாயால் கெடும்பாங்க. இந்த மனுஷன் வாயைத் திறக்காமலே கெடுத்துட்டார். உஷாராணி ஃபைலை மூடிட்டா. ரெண்டு வருஷம் நாயா அலைஞ்சு கிடைச்ச வாசல் கையைவிட்டுப் போகுது. எனக்கா, கோபம் மூக்கு மேல. நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கலை.

“என்ன ஏதுன்னு கேட்காம விரட்டுவீங்களா?” ன்னு ஆரம்பிச்சேன். கூடாரம், ரோடு, ஹாரன், மாமியார் முகத்து வெயில், ஒண்ணு விடாம கொட்டினேன். சொல்லி முடிக்கிறப்போ எனக்கே குரல் உடைஞ்சுபோச்சு.

அவர் எழுந்தார். கைப்பிடியைப் பிடிச்சு ஒவ்வொரு படியா கீழே இறங்கினார். கயித்தைச் சுத்தி வந்தார். ஒரு குச்சியைப் பிடுங்கி நாலடி தள்ளி நட்டார்.

“மழை பெஞ்சா அங்க தண்ணி நிக்கும். இப்படித் தள்ளிப் போடணும். நாலு தாராளமா கொள்ளும்.” குச்சியைத் தட்டி இறுக்கினார். “முப்பத்தொரு வருஷம் இருந்துட்டேன்மா. இந்த வாசல்ல ஒரு கூடாரம் போட்டதில்லை. யாருக்குப் போட?”

என் வீட்டுக்காரர் டேப்பைச் சுருட்டிட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டார்.

“அண்ணன் மகன் வீடு ஒன்பதாவது மாடி,” சின்னையா சொன்னார். “நல்ல பையன். ஆனா அந்த லிஃப்டுல படுத்த வாக்குல இறங்க முடியாது. டிரெசர் கண்ணு பாரு, போனதும் அதைத்தான் பார்த்தேன். வீட்டை உனக்கே தர்றேன். முதல் கூடாரம் எனக்குப் போடுவியா?”

 அழுகை வந்தா எனக்குக் கோபம்தான் வரும்.

“அதெல்லாம் முடியாது,” ன்னேன். உஷாராணி என் கையைக் கிள்ளினா. “முதல் கூடாரம் என் மக நித்தியா கல்யாணத்துக்கு. நீங்க ரெண்டாவது. வரிசையில நில்லுங்க.”

“மகளுக்கு என்ன வயசு?”

“பதிமூணு.”

அவர் விரலை மடக்கி எண்ணினார். அன்னைக்குத்தான் முதல்முறை சிரிச்சார். “அப்ப நான் தொண்ணூறு வரைக்கும் இருக்கணுமே லா.”

“இருங்க. யாரு வேணாம்னா?”

அடுத்த வாரமே கையெழுத்துப் போட்டார். தை மாசம் பால் காய்ச்சினோம். பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து வேன் வேனா சொந்தக்காரங்க. வெயில் மண்டையைப் பிளக்குது, ஒரு கூடாரமாவது எடுப்போம்னேன். அண்ணன் மகனோட வந்திருந்த சின்னையா கைத்தடியைத் தரையில தட்டினார்.

“எடுக்கக் கூடாது. முதல் கூடாரம் பாப்பா கல்யாணத்துக்குன்னு நீதானே சொன்னே? வரிசையைக் கலைக்காதே.”

அறுபது பேரும் வீட்டுக்குள்ளேயும் மாமரத்தடியிலும் நெருக்கியடிச்சு உட்கார்ந்து சாப்பிட்டாங்க. சின்னையா நித்தியாவைப் பக்கத்துல கூப்பிட்டு, என்ன படிக்கப் போறேன்னு கேட்டார்.

“டாக்டருக்கு, தாத்தா. ரொம்ப வருஷம் ஆகும்.”

“நல்லா ஆகட்டும்,” ன்னு அவர் இலையிலிருந்த வடையை எடுத்து அவ இலையில வெச்சார். “மெதுவா படிம்மா. எனக்கு அவசரமே இல்லை.”