ஓடையில் அரித்த பொன்

பதினாலு காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்று சர்க்கார் சட்டம் போட்ட வருஷம், கீழச்சிவல்பட்டியில் எங்கள் வீட்டு உலை அணைந்தது. செட்டிநாட்டில் பதினாலு காரட்டு நகையை யார் போடுவார்கள்? பித்தளைக்கு அண்ணன், அவ்வளவுதான். சுத்துப்பட்டிக்கெல்லாம் பொன் வேலை செய்த என் வீட்டுக்காரர் பொன்னழகு கல் உடைக்கப் போனார்.

அந்த நேரம் பார்த்து எங்கள் மகள் சாலாவுக்கு மதுரையிலிருந்து வரன் வந்தது. இருபத்தேழு வயதில் வந்த முதல் வரன். மாப்பிள்ளைக்கு மில்லில் வேலை, எங்கள் சனம்தான். "சீரு ஒண்ணும் வேணாம், தாலிப்பொன்னு மட்டும் ஆசாரியாரு கையால செஞ்சு குடுங்க, போதும்" என்றார்கள். போதுமாம்! என் தாலியே அந்தப் பஞ்சத்தில் வயிற்றுக்குப் போய், கழுத்தில் மஞ்சள் கிழங்குதான் தொங்கியது.

ஒருநாள் அவர் வேலை விட்டு வரும் வழியில் ஓடைப் பாலத்தடியில் கால் கழுவினாராம். மணலில் ஏதோ மின்னியதாம். ஓடி வந்து அரிசியில் கல் அரிக்கிற என் அரிக்கஞ்சட்டியைக் கேட்டார். "கொண்டு போங்க, அதுல அரிக்க அரிசியா இருக்கு?" என்றேன்.

பொழுது சாயும்போது ஆலிலையில் மடித்து ஒரு மணி கொண்டு வந்தார். கேழ்வரகில் பாதி இருக்கும். உரைகல்லில் தேய்த்துப் பார்த்தார். "நல்ல மாத்து, வள்ளி" என்றபோது அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

பிறகு தினமும் ஓடைதான். "பொன்னு கனம். தண்ணி பெருசை மேலயே போட்டுட்டுச் சின்னதைத்தான் இழுத்துட்டு வரும். மேல போகப் போகப் பெருசாக் கெடைக்கும் பாரு" என்பார். அப்படியே கிடைத்தது. பனைமரம் வரைக்கும் கேழ்வரகு, அதைத் தாண்டினால் கடுகு. மணலோடு கரித்துண்டுகளும் வந்தன. அந்தப் பக்கம் கருவேலங்கட்டையில் கரிமூட்டம் போடுகிறவர்கள் உண்டு. அதனால் நாங்கள் கண்டுகொள்ளவில்லை.

ஒருநாள் நான்தான் கேட்டேன். "ஏங்க, எல்லாம் இம்புட்டு உருண்டையா இருக்கே? நீங்க உருக்குன மணி கணக்கா."

"கூழாங்கல்ல உருட்டுற தண்ணி இத உருட்டாதாக்கும்?" என்றார்.

முப்பத்தைந்து வருஷம் உலை ஊதிய மனுஷர். பொன்னை உருண்டையாக்குவது தீ என்று அவருக்கா தெரியாது? ஆசை வெட்கம் அறியாது என்பார்கள், அது அறிவையும் அறியாது.

ஆவணியில் பதினைந்து குந்துமணி எடை சேர்ந்தது. சட்டத்துக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு, ஒரே பகலில் தாலியைச் செய்து முடித்தார். அத்தனை லட்சணமாக அவர் எதையும் செய்ததில்லை. அதோடு விட்டிருக்கலாம். கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கையில், "மூக்குத்திக்கும் ஆகட்டும்" என்று மறுபடி கிளம்பினார். நானும் கூடப் போனேன்.

பனைமரம் தாண்டி, அதுவரை போகாத தூரம் போனோம். முள்ளுப் புதர் மண்டிய ஒரு திருப்பத்தில் ஒரே சட்டியில் மூன்று மணி. பத்தடி மேலே போய் அரித்தால் ஒன்றுமில்லை. இன்னும் மேலே போனோம், அங்கும் இல்லை. "இங்கதான் வள்ளி, இந்தக் கரையிலதான் ஊத்து இருக்கு!" என்று சிறு பிள்ளை மாதிரி முள்ளை விலக்கிக்கொண்டு கரையேறினார்.

மேலே தகரக் கொட்டகை. கீழே கரிந்த தரை. அடுத்த ஊர் சுடுகாடு அது. அதைக் காக்கிற ஆசைத்தம்பி மண்வெட்டியால் சாம்பலை ஓடைப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார்.

"ஆசாரியாரே, இங்குட்டு எங்க வந்தீக?"

"சாம்பல எப்பவும் இங்குட்டுத்தான் தள்ளுறதா?"

"எங்கப்பன் காலத்துல இருந்து இப்படித்தான். எலும்பப் பொறுக்கிட்டுப் போயிருவாக, மிச்சம் ஓடைக்கு."

எங்கள் சனம் புதைக்கிற சனம். எரிகிற பிணத்தின் வாயில் போட்ட பொன் என்ன ஆகும் என்று நாங்கள் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. பெரிய வீடுகளில் ஒரு உயிர் போனால் வாய்க்குப் போடப் பொன் துணுக்கு கேட்டு ஆள் வருவது மட்டும் தெரியும். எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள்.

என் வீட்டுக்காரர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான் வெட்டிக் குடுத்ததுதான், வள்ளி. அம்புட்டும் என் கையால வெட்டிக் குடுத்தது."

வீட்டுக்கு வந்ததும் தாலியை ஓடையிலேயே போட்டுவிடலாம், கல்யாணம் நிற்கட்டும் என்றார். நான் விடவில்லை. "நின்னா அவளுக்கு வேற எவன் வருவான்? தீயில வெந்த பொன்னு சுத்தந்தான். வாய மூடிக்கிட்டு இருங்க" என்று கத்தினேன். சொல்லும்போதே எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பாவம் என்றால் அது என் தலையில்தான்.

கல்யாணத்தன்று எல்லாரும் தொட்டு வாழ்த்தத் தாலித் தட்டு வந்தது. அவர் தொடவில்லை. பெண்ணைப் பெற்றவர், மனசு கலங்கி நிற்கிறார் என்று சபை நினைத்தது.

பஸ் ஏறும்போது சாலா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஊருல எல்லாரும் பழைய நகைய அழிச்சுத்தான் தாலி செய்யிறாக. எனக்கு மட்டுந்தான் யாரு மேலயும் படாத பொன்னு, இல்லப்பா?" என்று தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ஆமாத்தா" என்றார்.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தார். என்னோடு பேசினார், சண்டையும் போட்டார். சாலா வருகிறாள் என்று கடுதாசி வந்தால் மட்டும் அவள் திரும்பிப் போகும்வரை வீட்டுப் பக்கம் வரமாட்டார். "அப்பா ஏம்மா என் மூஞ்சியவே பாக்க மாட்டேங்கிறாரு? நான் என்ன தப்புப் பண்ணுனேன்?" என்று ஒவ்வொரு தடவையும் என் மடியில் விழுந்து அழுவாள். நீ ஒன்றும் பண்ணவில்லை என்று அவள் தலையைத் தடவிக்கொண்டே இருப்பேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு வாய் கிடையாது.