மூன்று பாட்டில்கள்

எதையும் ஓர் அலசு அலசாமல் பயன்படுத்த அக்காவால் முடியாது. கடையில் வாங்கிய புது டம்ளரானாலும் சரி, பக்கத்து வீட்டுக்காரி பளபளவென்று தேய்த்துத் திருப்பிக் கொடுத்த பாத்திரமானாலும் சரி, அவள் கைக்கு வந்தால் முதலில் குழாயடிக்குத்தான் போகும். “சோப்பைக் கழுவியாச்சா?” என்று பேருந்து ஓட்டுநரான அவள் கணவர் கேலி செய்வார். உண்மையில் சில நாள் அதையும் கழுவியிருப்பாள்.

அக்கா என்பது வகுப்பில் வைத்த பெயர். மற்றவர்களுக்கெல்லாம் இருபது, இருபத்தொன்று; அவளுக்கு முப்பத்தொன்பது. பதினான்கு வருடம் ஒரு பெரிய மருத்துவமனையில் வார்டு துப்புரவு வேலை பார்த்தவள். ஒரே தெருவிலிருந்து ஒரே வாரத்தில் பத்துப் பேர் வாந்தியும் பேதியுமாக வந்து விழுவார்கள். இவள் தரையைத் துடைப்பாள். அடுத்த மாதம் வேறொரு தெரு. இந்தச் சனியன் கிளம்புகிற இடத்துக்கே போய் ஒரு தடவை துடைத்தால் என்ன என்று ஒரு நாள் தோன்றியதாம். விட்டுப்போன பரீட்சைகளையெல்லாம் எழுதி, பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் சுகாதாரப் படிப்பில் சேர்ந்துவிட்டாள். மகள் பள்ளியில் கடைசி வகுப்பு, அம்மா பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். “வீட்டுல ரெண்டு பேரு படிக்கிறாங்க, ஒருத்தன் வண்டி ஓட்டுறான், சோறு ஆக்கத்தான் ஆள் இல்ல” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே சோற்றையும் அவர்தான் ஆக்கினார்.

பழைய மருத்துவமனையில் தொற்றுத் தடுப்புப் பிரிவில் ஓர் இடம் காலியாகப் போகிறது. “இந்த வருஷமே சர்டிபிகேட்டோட வந்துடு, அந்த நாற்காலி உனக்குத்தான்” என்று தலைமை நர்ஸ் சொல்லி வைத்திருந்தார். எந்தத் தளத்தைத் துடைத்தாளோ அந்தத் தளத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிற வேலை. அக்கா யாரிடமும் சொல்லாமல் ஒரு நல்ல பேனாகூட வாங்கி வைத்துவிட்டாள்.

கடைசிப் பருவத்தில் செய்முறைப் பயிற்சிக்காக அவளை ஒரு சுகாதார ஆய்வாளரிடம் அனுப்பினார்கள். அவளைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். அவள் அவரை சார் என்றாள், அவர் அவளை அக்கா என்றார், இருவருக்கும் அது சரியாகவே பட்டது. அப்படி ஒரு நாள் அவர்கள் போனது ஒரு குழந்தைகள் காப்பகத்துக்கு. ஒன்பது குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்து, தண்ணீர்ப் பரிசோதனை முடியும்வரை மூடி வைத்திருந்த இடம். ஆய்வாளர் சமையலறையில் நோட்டும் கையுமாக நின்றார். “தண்ணி சாம்பிள் நீங்க எடுத்துடுங்கக்கா, உங்களுக்குத் தெரியும்ல?” என்றார்.

தெரியும்தான். குழாயை இரண்டு நிமிடம் ஓட விட்டாள், குழாயின் வாயைத் தீயால் சுட்டாள், மறுபடி ஓட விட்டாள். பாடத்தில் உள்ளபடி எல்லாம் நடந்தது. பாட்டிலின் மூடியைத் திறந்தபோதுதான் அடியில் சிட்டிகை அளவு வெள்ளைப் பொடி ஒட்டியிருந்ததைப் பார்த்தாள். ஆய்வகத்தில் எவனோ சோம்பேறி சரியாகக் கழுவவில்லை என்று நினைத்தாள். அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஓடுகிற தண்ணீரிலேயே மூன்று முறை குலுக்கி ஊற்றி, பொடி போகும்வரை அலசி, அப்புறம்தான் மாதிரி பிடித்தாள். சமையலறைக் குழாய், குடிநீர்க் குழாய், மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய் என்று மூன்று பாட்டில். மூன்றையும் அலசினாள். தண்ணீரில் லேசாக பிளீச்சிங் பவுடர் வாடை அடித்தது. பதினான்கு வருடம் பழகிய வாடை என்பதால் அவளுக்கு அது பிடித்தும் இருந்தது.

முடிவு வந்தது. மூன்றிலும் கிருமி இல்லை. ஆய்வாளர் கையெழுத்துப் போட்டார், காப்பகம் புதன்கிழமை ஒன்பது மணிக்குத் திறக்கலாம் என்று ஆனது. காப்பகத்தை நடத்துகிற அம்மாளை எல்லோரும் பெரிய டீச்சர் என்பார்கள். அவர் அக்காவுக்கே போன் போட்டு, “உங்க கை ராசியான கைம்மா” என்றார். அக்காவுக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் புதன்கிழமை காலை பல்கலைக்கழகத்தில் செய்முறை வகுப்பு. கட்டடத்தின் பின்பக்கக் குழாயில் தண்ணீர் எடுத்துப் பழக வேண்டும். அக்காவுடன் சேர்த்து விட்டது அகராதியை. எதைச் சொன்னாலும் அதற்கு அர்த்தம் சொல்கிறவன் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். அவன் பாட்டிலைத் திறந்து நேரே குழாயடியில் நீட்டினான்.

“டேய், இருடா. அடியில பாரு, பொடி. கழுவிட்டுப் பிடி. அங்க உள்ளவனுங்க ஒழுங்கா கழுவுறதே இல்ல.”

அகராதி பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். “அக்கா, விளையாடுறீங்களா? அது தயோசல்ஃபேட். அவங்களே போட்டு அனுப்புறது.”

“எது?”

“குளோரின முறிக்கிற மருந்துக்கா. தண்ணில குளோரின் இருந்தா, பாட்டிலுக்குள்ளயும் அது கிருமியக் கொன்னுட்டே இருக்கும். லேபுக்குப் போறதுக்குள்ள எல்லாம் செத்துடும், ரிசல்ட் சுத்தம்னு வந்துடும். அதுக்குத்தான் இந்தப் பொடி. நீங்கதானே இந்தக் கேள்விக்குப் பத்துக்குப் பத்து வாங்குனீங்க?”

வாங்கினாள். அந்தப் பெயரை, அதன் வேதியியல் சமன்பாட்டை, எத்தனை மில்லிகிராம் என்பதை எல்லாம் அடுப்படியில் நின்றுகொண்டே உருப்போட்டு, ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதியவள் அவள். அந்தத் தயோசல்ஃபேட்தான் இந்தப் பொடி என்பது மட்டும் தெரியாது. படித்தது ஒரு பக்கம் கிடந்தது, பாட்டில் ஒரு பக்கம் கிடந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவே இல்லை.

காப்பகத் தண்ணீரில் இருந்ததும் குளோரின்தான் என்று அக்காவுக்கு உறைத்தது. பிளீச்சிங் பவுடர் வாடை மூக்குக்குள் மறுபடி ஏறியது. “காப்பகத்துல மூணு பாட்டிலையும் கழுவிட்டேன்டா” என்றாள்.

அகராதி பாட்டிலைக் கீழே வைத்தான். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “யாருக்குக்கா தெரியப்போகுது? தண்ணி நெஜமாவே நல்லாக்கூட இருக்கலாம். இப்ப போய்ச் சொன்னீங்கன்னா பயிற்சிய ரத்து பண்ணிடுவாங்க. ஒரு வருஷம் போச்சு.” கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவன் அவள்மேல் பாசமுள்ளவன்.

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், மணி ஒன்பதே கால். ஆய்வாளருக்குப் போன் அடித்தாள், கூட்டத்தில் இருப்பதாகக் குறுஞ்செய்தி வந்தது. ‘காப்பகத் தண்ணீர் முடிவு தவறு, நான் பாட்டிலைக் கழுவிவிட்டேன், அங்கே போகிறேன்’ என்று அனுப்பினாள். அனுப்பிய பிறகுதான் அந்த நாற்காலி ஞாபகம் வந்தது. காப்பகத்துக்கு அடித்தாள், திறந்த முதல் நாள் என்பதால் லைன் கிடைக்கவில்லை. பையைக்கூட எடுக்காமல் பேருந்து நிறுத்தத்துக்கு ஓடினாள்.

காப்பக வாசலில் பெற்றோர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே பதினோரு குழந்தைகள். பத்து மணிக்குத் தின்பண்டமும் தண்ணீரும் கொடுப்பது வழக்கம்; வரிசையாக நிறநிறமான டம்ளர்களை எடுத்து வைத்திருந்தார்கள். பெரிய டீச்சர் வாயெல்லாம் பல்லாக வந்தார்.

“தண்ணி குடுக்காதீங்க டீச்சர். அந்த ரிசல்ட் தப்பு.”

“என்னம்மா சொல்றீங்க? நீங்கதானே எடுத்தீங்க?”

“நான்தான் எடுத்தேன். தப்பா எடுத்துட்டேன்.”

பெரிய டீச்சரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. “ரெண்டு வாரமா மூடிக் கெடந்து இன்னைக்குத்தான் தெறந்திருக்கேன். வாசல்ல இத்தன பேர வச்சுக்கிட்டு இப்படிச் சொல்றீங்க. உங்க ஆபீசர் எழுதிக் குடுக்கட்டும், நிறுத்துறேன். நீங்க படிக்கிற பொண்ணு, உங்களுக்கு என்ன அதிகாரம்?”

அதிகாரம் ஒன்றும் இல்லை, உண்மைதான். அக்கா நேரே சமையலறைக்குப் போய்க் குனிந்தாள், மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயின் வால்வை இறுக்கி மூடினாள், எழுந்து அதன் முன்னால் நின்றாள். மருத்துவமனையில் ஈரத் தரையை மிதிக்க வந்த பெரிய பெரிய டாக்டர்களையே மறித்து நின்ற உடம்பு அது. “என்னத் திட்டுங்க, ஆனா தண்ணி வராது” என்றாள். பெரிய டீச்சர் திட்டினார். ராசியான கை என்று சொன்ன அதே வாயால் திட்டினார். அக்கா கேட்டுக்கொண்டாள். திட்டு ஓய்ந்ததும் உதவியாளரிடம் திரும்பி, “காலையிலேர்ந்து யாராவது குடிச்சாங்களா?” என்று கேட்டாள்.

இரண்டு பேர் குடித்திருந்தார்கள். சீக்கிரம் வந்துவிட்ட ஒரு பெண் குழந்தையும், மூன்று வயதுப் பையன் ஒருவனும். பையன் இரண்டு டம்ளர் குடித்தானாம்.

ஆய்வாளர் அரை மணி நேரத்தில் வந்து சேர்ந்தார். முகம் வெளுத்திருந்தது. வந்ததும் தண்ணீரில் குளோரின் அளந்தார், பெயருக்குக்கூட இல்லை. கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவரைக் கூப்பிட்டுக் கேட்டார். அந்த மனிதர் தலையைச் சொறிந்தார். “அன்னைக்கு நீங்க வர்றீங்கன்னு சொன்னாங்க சார். நல்லா இருக்கட்டுமேன்னு காலையில கொஞ்சம் பிளீச்சிங் பவுடர் போட்டேன். அப்புறம் போடல.” மாடிக்கு ஏறிப் பார்த்தால், தொட்டி மூடி உடைந்து காக்கை இறங்கிக் குளித்துவிட்டுப் போகிற அளவுக்குத் திறந்து கிடந்தது.

ஆய்வாளரே மறுபடி மாதிரி எடுத்தார். அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தாள். பொடி அடியில் அப்படியே இருந்தது, தண்ணீர் விழுந்ததும் கரைந்தது. அவ்வளவுதான் விஷயம். படிவத்தில் ‘மறுமாதிரி எடுக்கக் காரணம்’ என்று ஓர் இடம் இருந்தது. அவர் அதை அவளிடம் நீட்டினார். ‘முதல் முறை எடுத்தவர் பாட்டிலைக் கழுவிவிட்டார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

“நான் பக்கத்துல நின்னு பாத்திருக்கணும்க்கா” என்றார் ஆய்வாளர்.

“நான் கேட்டிருக்கணும் சார்.”

மறுபடி முடிவு வந்தபோது மூன்று பாட்டிலிலும் மலக்கிருமி இருந்தது. காப்பகத்தை மூடினார்கள். ஆய்வாளருக்கு மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அக்காவின் பயிற்சியைத் துறை ரத்து செய்தது. அடுத்த வருடம் முதலிலிருந்து செய்ய வேண்டும். தலைமை நர்ஸுக்கு அவளே போன் போட்டுச் சொன்னாள். அந்த நாற்காலிக்கு வேறு ஆள் வந்துவிட்டார். அன்று வீட்டில் கணவர் ஒரு கேலியும் செய்யவில்லை. அதுதான் அவளை அழ வைத்தது.

அந்த இரண்டு குழந்தைகளையும் ஏழு நாள் தினமும் போனில் விசாரித்துக் குறித்து வைக்க வேண்டும், அது ஆய்வாளரின் வேலை. அந்த வேலையை அக்கா கேட்டு வாங்கிக்கொண்டாள். ஏழு கோடு போட்ட படிவம். பெண் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. பையனுக்கு மூன்றாம் நாள் தொடங்கிவிட்டது. மருத்துவமனையில் ஒரு நாள் ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். அவன் அம்மா துணி ஆலையில் தையல் வேலை பார்க்கிறவள், லீவு போட்டுவிட்டுக் கட்டில் பக்கத்தில் கிடந்தாள்.

“நீங்க யாரு, டாக்டரா?” என்று அன்றைக்கு அவள் கேட்டாள்.

“இல்லம்மா. தண்ணி சுத்தம்னு முதல்ல ஒரு ரிசல்ட் வந்துச்சுல்ல, அதுக்குத் தண்ணி எடுத்தவ நான்தான். தப்பா எடுத்துட்டேன்.”

போன் துண்டிக்கப்பட்டது. மறுநாள் அக்கா மறுபடி அடித்தாள். எடுப்பாள் என்று நினைக்கவில்லை, எடுத்தாள். “ஆறு தடவ போச்சு. வாந்தி ஒரு தடவ” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அக்கா நான்காம் கோட்டில் எழுதிக்கொண்டாள். ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் அதே போலத்தான். எண்ணிக்கை மட்டும் வரும், வேறு பேச்சு வராது.

ஏழாம் நாள் அவளே முதலில் பேசினாள். “உங்கள ஃபெயில் ஆக்கிட்டாங்களாமே, பெரிய டீச்சர் சொன்னாங்க.”

“ஆமாம்மா.”

“நல்லா வேணும்.”

“ஆமாம்மா.”

“இன்னைக்கு ரெண்டு தடவதான் போனான். கஞ்சி குடிச்சான். இப்பத்தான் தூங்குறான்.”

“சரிம்மா. எழுதிக்கிட்டேன். இன்னையோட ஏழு நாள் முடிஞ்சுது. இனிமே நான் தொந்தரவு பண்ண மாட்டேன்.”

“வேற யாரு கேக்குறா?” என்றாள் அவள். “நாளைக்கும் பண்ணுங்க.”

அக்கா சரி என்றாள். போனை வைத்துவிட்டு, மகளின் பையிலிருந்து அளவுகோலை எடுத்து, ஏழாவது கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு போட்டாள்.