ஆறாம் நம்பர் ஊசி

1941ஆம் ஆண்டு பங்குனி மாதம் புளியந்தீவில் ஏழு வீட்டு அலுமாரிகள் செம்மறியாடுகளைப் போலக் கத்தத் தொடங்கின. முதலில் கத்தியது பின்னற் சங்கத் தலைவி இரத்தினம்மாவின் முதிரை மர அலுமாரி. அதே கிழமைக்குள் மற்ற ஆறு அங்கத்தவர்களின் அலுமாரிகளும் சேர்ந்துகொண்டன. கதவிடுக்கால் மூத்திரம் வழிந்தது. புழுக்கை உருண்டு விறாந்தை வரைக்கும் வந்து கிடந்தது. ஏழு அம்மாமாரும் ஓடிக்கொலோன் வாசனைத் தண்ணீரில் நனைத்த லேஞ்சியை மூக்கில் பொத்திக்கொண்டு, ஒன்றும் நடவாததுபோல புதன்கிழமைக் கூட்டத்தை நடத்தினார்கள். அலுமாரி கத்துகிறது என்று சொன்னால் தன் வீடு நாறுகிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே. அதனால் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

அலுமாரிகளுக்குள் இருந்தது கம்பளி நூல். யுத்தத்துக்குப் போன பட்டாளத்துக்காரருக்குக் காலுறை பின்னி அனுப்பவென்று தொடங்கிய சங்கம் அது. காத்தான்குடியில் அப்துல் கபூரின் நூல்கடையில் சரக்கு இறங்கிய அன்றே வண்டி கட்டிப்போய் அள்ளிக்கொண்டு வருவார்கள். பிறகு நூல் சிட்டங்களை மடியில் வைத்துத் தடவுவார்கள், மற்றவளுடையதைப் பார்த்து எரிவார்கள், அலுமாரியில் வைத்துப் பூட்டுவார்கள். ஊசி விஷயம் அதைவிடக் கேவலம். நம்பர் ஏற ஏறப் பின்னல் ஊசி மெலியும். கபூர் அதைப் பொறுமையாக விளக்கி, கம்பளிக்குச் சின்ன நம்பரை எடுக்கச் சொல்லிப் பார்த்தார். பெரிய நம்பர் பெரிய இடத்துப் பெண்களுக்கு என்று தாங்களாகவே முடிவுகட்டியிருந்தவர்கள், மட்டமான சாமானைத் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று அந்த மனிதரைத்தான் ஏசினார்கள். இரத்தினம்மாவிடம் பதினாறாம் நம்பர். மற்றவர்களிடம் அவரவர் புருஷனின் உத்தியோகத்துக்குத் தக்கபடி பதினைந்தும் பதினாலும். அந்த ஈர்க்குகளில் தடித்த கம்பளி நகருமா? ஒன்றரை வருடத்தில் சங்கம் பின்னி முடித்தது ஒரேயொரு காலுறை. அது ஒரு பட்டாளத்துக்காரனின் பெருவிரலுக்கும் காணாது. அதையும் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்கள். தூ!

கல்லடிச் சீதேவிப்பிள்ளை மிஷன் பள்ளிக்கூடத்தில் பின்னல் படித்தவள். கமுகஞ் சிலாகையைத் தானே சீவி, ஆறாம் நம்பர் மொத்தத்தில் ஊசி செய்து வைத்திருந்தாள். இரண்டு புதன்கிழமை சங்கத்துக்குப் போனவள், அந்தத் தடவலையும் இளிப்பையும் பார்த்துக் குமட்டி, இனி அந்த வாசலை மிதிப்பதில்லை என்று வந்துவிட்டாள். ஆனால் வாவியில் வலை வீசுகிற அவள் புருஷன் நல்லரத்தினம், வெள்ளாமை வெட்டுக்குப் பழுகாமத்து வயல் வட்டைக்குப் போய் மலேரியாவோடு திரும்பினான். ஒன்றுவிட்ட ஒருநாள் பின்னேரம் மூன்று மணிக்குக் குளிர் வரும். வந்தால் கட்டில் நடுங்கி நகர்ந்து சுவரில் முட்டும். சேலை, சாக்கு எல்லாம் போட்டு மூடியும் அடங்கவில்லை. கொயினா மருந்து கொடுத்த அப்போதிக்கரி நெஞ்சைத் தட்டிப் பார்த்து, "இன்னொரு குளிர இவர் தாங்கமாட்டார் புள்ள. கம்பளி தேடு" என்றார். அன்று செவ்வாய்க்கிழமை. அடுத்த குளிர் வியாழன். கம்பளிப் போர்வையெல்லாம் யுத்தத்துக்குப் போயிருந்தது. நூலாவது வாங்கிப் பின்னுவோமென்று புதன் விடியவே கபூரின் கடைக்கு ஓடினாள்.

"ஒரு சிட்டமும் இல்ல தங்கச்சி" என்றார் கபூர். "எல்லாம் அந்த அம்மாமார்ர அலுமாரிக்குள்ளதான் கிடந்து கத்துது."

வேறு வழியில்லை. மிதிப்பதில்லை என்ற வாசலை மிதித்தாள். சங்கம் கூடியிருந்த இரத்தினம்மா வீட்டுக் கூடம் ஆட்டுப்பட்டியைப் போல நாறியது. சீதேவிப்பிள்ளை புருஷனின் கதையைச் சொல்லி நூல் கேட்டாள்.

இரத்தினம்மா மூக்கிலிருந்து லேஞ்சியை எடுக்காமலே, "உன்ர ஊசி எத்தினையாம் நம்பர் கா?" என்று கேட்டாள்.

"ஆறு."

ஏழு பேரும் சிரித்தார்கள். "ஆறாம் நம்பருக்குக் கம்பளி என்னத்துக்கு? தும்புக்கயிறு காணுமே."

மனிதன் சாகக் கிடக்கிறான், இதுகள் நம்பர் கேட்கிறதுகள் என்று சீதேவிப்பிள்ளைக்கு உடம்பெல்லாம் கூசியது. மடியிலிருந்த ஊசிகளையும் ஒரு முழத் துண்டு நூலையும் எடுத்து, நின்ற நிலையில் கண்ணி போடத் தொடங்கினாள். ஊசிகள் தட்டிக்கொண்ட சத்தத்துக்கு முதிரை அலுமாரி கத்தலை நிறுத்தியது. பூட்டுத் தெறித்தது. சாம்பல் நிறச் சிட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி வந்து, தங்கள் நுனிகளை அவள் கையில் வைத்தன. அவள் பின்னிக்கொண்டே வெளியேறினாள். இன்னும் பின்னாத சிட்டங்கள் மந்தையாகக் கல்லடிக்குப் போகும் பாலத்தில் அவள் பின்னால் போயின. ஒருத்தியும் மறிக்கவில்லை. மறிப்பதென்றால் அலுமாரிக்குள் ஆடு இருந்ததைச் சொல்லவேண்டுமே. எல்லோரும் கண்ணாடிப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வியாழன் இரண்டே முக்காலுக்குப் போர்வை முடிந்தது. மூன்று மணிக்குக் குளிர் வந்தது. கட்டில் அசையவில்லை. நாலு மணிக்கு நல்லரத்தினம் வேர்த்து விழித்து, "கஞ்சி இருக்கா?" என்று கேட்டான். சீதேவிப்பிள்ளை அடுப்படிக்குப் போய், அங்கே நின்று அழுதாள்.

இரத்தினம்மா வெறும் அலுமாரியை அடுத்த சரக்கிலேயே நிரப்பினாள். மூன்றாம் நாள் அதுவும் கத்தியது. அவள் புருஷன் வினாயகமூர்த்தி நாற்றம் தாங்காமல் தமக்கை வீட்டுக்குக் குடிபோனார். அதன் பிறகுதான் இரத்தினம்மா கல்லடிக்கு வண்டியில் வந்தாள். இறங்கவில்லை. எப்படி அடக்குவதென்று இருந்தபடியே கேட்டாள்.

"ஆறாம் நம்பர் ஊசியால பின்னுங்க அம்மா. அடங்கிரும்."

"ஆறோ?" இரத்தினம்மாவின் முகம் சுருங்கியது. லேஞ்சியை மூக்கில் பொத்திக்கொண்டு வண்டியைத் திருப்பச் சொன்னாள். யுத்தம் முடியும் வரைக்கும் ஏழு அலுமாரிகளும் கத்தின. ஊருக்கு அது பழகிப்போனது.

போர்வைக்கு ஒரு குணம் இருந்தது. பின்னேரமானால் அதற்குப் பசிக்கும். நல்லரத்தினம் அதை வாவிக்கரைக்குக் கொண்டுபோய்ப் புல்லில் விரித்து, ஒரு மூலையைக் கட்டைக்குக் கட்டிவிட்டு, பக்கத்திலிருந்து கிழிந்த வலையைப் பொத்துவான். பொழுது சாய, வயிறு நிறைந்த போர்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவான்.